மெய்யும் வாய்மையும்

தமிழில் 'மெய்' என்னும் சொல்லுக்கு உடல் என்பதும் பொருள். உண்மை என்பதும் பொருள். மாணவர்க்குச் சொற்பொருள் விளக்கிய ஆண்டுகளில் இவ்விரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். ஒரே சொல் இரு பொருளையும் ஏன் தாங்கி நிற்கிறது என்று அப்போது எண்ணிப் பார்த்ததில்லை. உடல் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் கருதினேன். நா புரட்டிப் பேசலாம். நெஞ்சு மறைத்து வைக்கலாம். உடலோ பசித்தால் பசி என்றும் வலித்தால் வலி என்றும் உள்ளதை உள்ளவாறே காட்டும். இவ்வாறுதான் நாம் அனைவரும் நம்பி வாழ்கிறோம்.

அந்த நம்பிக்கையை ஒரு நோய் என்னிடமிருந்து பறித்துக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்நோயோடு வாழ்ந்து வருகிறேன். அதற்காக உண்டவையும் பூசியவையும் பல. ஆயினும், அம்மருந்துகளை விட அவற்றைப் பற்றி நான் பிறரிடம் உரைத்த சொற்களே இன்று என் நெஞ்சை உறுத்துகின்றன. நோயுற்ற ஒருவர் மற்றொரு நோயாளியிடம், "இதனால்தான் எனக்குக் குணமானது; நீங்களும் உண்டு பாருங்கள்" என்று கூறும்போது அவர் எத்தகைய பொறுப்பை ஏற்கிறார்? நல்லெண்ணத்தோடு கூறப்பட்ட சொல் தீங்கில் முடிந்தால் அதனை உண்மை என்பதா, பொய் என்பதா? இவ்வினா எனக்கு மட்டும் உரியதன்று. நம் வீடுகளிலும் கோயில் வாசல்களிலும் திருமண மண்டபங்களிலும் நாள்தோறும் மருந்துரை வழங்கும் நம் அனைவருக்கும் உரியது. ஆதலின் என் கதையைச் சற்று விரிவாகவே கூற வேண்டியவளாகிறேன்.

தன்னையே பகைக்கும் உடல்

1998-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றி வந்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. ஒரு நாள் காலையில் கைவிரல்கள் மடங்க மறுத்தன. வெந்நீரில் வைத்திருந்து ஒரு மணி நேரம் கழித்தே அவை இசைந்தன. சில வாரங்களில் இரு கைகளிலும் அதே கணுக்கள் வீங்கின. மணிக்கட்டும் முழங்காலும் தொடர்ந்தன. சுண்ணக்கட்டியைப் பற்ற முடியாமல் அது கைநழுவி உடைந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தனர். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். அன்றிரவு உறங்கவில்லை.

அரசு மருத்துவமனையில் குருதியைச் சோதித்து, முடக்குவாதம் என்றனர். முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் வலியன்று இது. தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று என்றார் மருத்துவர். புறத்தேயிருந்து புகும் கிருமிகளைத் தாக்கி அழிப்பதற்காக நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. அப்படை சிலரது உடலில் ஆள் தெரியாமல் மயங்கி, தன் உடலின் உறுப்புகளையே பகையெனக் கொண்டு தாக்குகிறது. என் உடலில் அது மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கிற்று. மற்றொருவர் உடலில் தோலையோ சிறுநீரகத்தையோ நரம்பையோ தாக்கும்.

இப்படியும் நிகழக்கூடும் என்பதை அறிவியல் உலகமே நெடுங்காலம் ஏற்கத் தயங்கியது. 1908-இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், உடல் தனக்குத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சி விலகும் என்னும் கருத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளியிட்டிருந்தார். அக்கருத்தின் செல்வாக்கினால், உடல் தன்னையே தாக்கும் என்னும் எண்ணம் ஊன்றி வளரப் பல்லாண்டுகள் ஆயின. முயலின் தைராய்டுச் சுரப்பியைக் கொண்டு நோயெல் ரோஸ், எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகியோர் 1956-இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்தத் தயக்கத்தைத் தகர்த்தவற்றுள் சிறப்பானவை. உடல் தன்னைத் தானே அறியத் தவறும் என்பதை ஏற்க அறிஞர்களுக்கே அரை நூற்றாண்டு தேவைப்பட்டது என்றால், ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியை அதனை ஒரே நாளில் ஏற்றுக்கொள்வது எங்ஙனம்?

வாயில்தோறும் ஏறி இறங்கியது

மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையை வாரத்திற்கு ஒரு முறை மட்டும் உண்ணுமாறு பணித்தார். அதனோடு ஃபோலிக் அமில மாத்திரையும் சிறிதளவு ஸ்டீராய்டும் தந்தார். வாரமருந்து பயன் தருவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்றும் கூறினார். அவர் என்னிடம் பேசியது ஏறத்தாழ ஐந்து நிமிடம். வெளியே நெடிய வரிசை காத்திருந்தது. அவரை நான் குறைகூறவில்லை. ஆயினும், 'வாழ்நாள் முழுவதும்' என்னும் சொற்களை அவர் உதிர்த்தபோது எனக்குள் இடிந்து விழுந்த ஒன்றை அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் காணவில்லை.

அந்த மாத்திரை புற்றுநோய்க்கும் தரப்படுவது என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். வயிறும் குமட்டியது. ஸ்டீராய்டோ எலும்பை அரிக்கும் என்றார்கள். ஆறே வாரத்தில் அனைத்தையும் நிறுத்தினேன். பயன் தொடங்கும் முன்னரே நிறுத்திவிட்டேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதன் பின் நான் ஏறாத வாயில் இல்லை. எண்ணெய்க் குளியலும் ஒத்தடமும் பல மாதம். இலேகியம் ஒரு மண்டலம். சீன மருத்துவரின் ஊசிமுனைச் சிகிச்சை. கத்தரிக்காயும் புளியும் கருவாடும் விலக்கிய பத்தியம் ஓராண்டு. அம்மன் கோயிலில் நேர்த்திக்கடன். மலாய்த் தோழி ஒருவர் அன்போடு கொணர்ந்த வேர்க்கஷாயம். இவற்றுள் சில ஒன்றும் செய்யவில்லை. சில இதம் தந்தன. எண்ணெய் தேய்த்த கைகளின் சூட்டில் கண்ணயர்ந்த இரவுகளை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இவ்விடங்களுக்கு நான் சென்றது அறியாமையால் மட்டுமன்று. அங்கே என் சொல்லைக் கேட்க ஆள் இருந்தது. நாட்டு மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் நாடி பிடித்தவாறே என் உறக்கம், உணவு, குடும்பக் கவலை அனைத்தையும் வினவினார். நோயாளி தேடுவது மருந்து ஒன்றை மட்டுமன்று. தன் துன்பத்திற்கு ஒரு செவியையும் அவர் தேடுகிறார். செவி எங்கே கிடைக்கிறதோ, அங்கே தரப்படும் மருந்தும் எளிதில் நம்பிக்கை பெற்றுவிடுகிறது. நம்பிக்கை வேறு, நோய் நீங்குதல் வேறு என்னும் வேறுபாடு அப்பொழுது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பொடியின் வெற்றி

2002-ஆம் ஆண்டில் ஓர் உறவினர் வழியாகப் பழுப்பு நிறப் பொடி ஒன்று கைக்கு வந்தது. முழுவதும் மூலிகை என்றனர். மாதத்திற்கு நூற்றெண்பது வெள்ளி. வெந்நீரில் கலந்து இரு வேளை உண்டேன். மூன்றாம் நாள் காலையில் விரல்கள் தாமாக மடங்கின. ஒரு வாரத்தில் மாடிப்படி ஏறினேன். நான்கு ஆண்டுகளாகத் தொட முடியாதிருந்த அம்மிக்கல்லை அன்று நானே இழுத்து அரைத்தேன். என் தாயார் கண்கலங்கினார்.

பசி பெருகிற்று. முகம் உருண்டு திரண்டது. "தேறிவிட்டீர்கள், டீச்சர்! முகத்தில் களை வந்துவிட்டது" என்று பள்ளியில் அனைவரும் வியந்தனர். நானும் கண்ணாடி முன் நின்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை எனக்குள் வைத்துக்கொள்வது தன்னலம் என்று தோன்றியது. வலியின் கொடுமையை அறிந்தவள், வழி தெரிந்த பின்னும் வாய் திறவாமல் இருக்கலாமா? கேட்டவர்க்கெல்லாம் சொன்னேன், கேளாதவர்க்கும் சொன்னேன்.

அவ்வாறு நான் சொன்னவர்களுள் ஒருவர் என் மாணவன் ஒருவனின் தாய். முப்பது வயதுகூட நிரம்பாதவர். லூப்பஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் அவருக்கு இருந்தது. மூக்கின் இருபுறமும் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற சிவந்த தடிப்பு. மருத்துவமனை மாத்திரைகளால் நோய் அடங்கியிருந்தது. அவற்றுள் ஒன்றான ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியாவுக்காக உருவான மருந்துகளின் வழிவந்தது. மலாயாத் தோட்டங்களில் குளிர்காய்ச்சலோடு போராடிய நம் பாட்டன் பாட்டியர்க்குக் கொயினாவின் கசப்பு நன்கு தெரியும். அக்கொயினாவுக்கு மாற்றாகச் செயற்கையில் ஆக்கப்பட்ட மருந்துகள் லூப்பஸ் நோயையும் தணிப்பதாக 1951-இல் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. தம் குலத்தாரைக் காத்த கசப்பின் வழித்தோன்றலையே அப்பெண் நாள்தோறும் விழுங்கி வந்தார் என்பது அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மருந்தை நிறுத்துங்கள் என்று நான் அவரிடம் கூறவில்லை. "நான் மருத்துவமனை மருந்துகளையெல்லாம் விட்டுவிட்டேன், இப்போது பாருங்கள்" என்று மட்டும் கூறினேன். என் உருண்ட முகத்தை அவர் பார்த்தார். அதற்கு மேல் சொல் தேவைப்படவில்லை.

நான்கு மாதம் அவர் பொடி உண்டார். ஐந்தாம் மாதம் கணவருக்கு வேலை குறைந்தது. நூற்றெண்பது வெள்ளிக்கு வழியில்லை. பொடி நின்றது. பத்து நாளில் அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது சிறுநீரகங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தன. தலைமாட்டில் இருந்த காலிப் பொட்டலத்தின் அடித்தூளை மருந்தாளர் ஆய்வுக்கு அனுப்பினார். அதில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்தது. அதுவும் ஒரு ஸ்டீராய்டு. என் மருத்துவர் எழுதித் தந்ததை விடப் பல மடங்கு வீரியம் மிக்கது.

எலும்பை அரிக்கும் என்று அஞ்சி நான் வீசியெறிந்த பொருளையே அளவின்றி, கண்காணிப்பின்றி, ஓராண்டாக உண்டு வந்திருக்கிறேன். என் முகத்தின் களை அதன் வீக்கம். என் பசி அதன் பசி. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை மறந்து ஓய்ந்துவிடும். ஆதலின் அதனைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரும். மருத்துவரின் கண்பார்வையில் நான் மெல்ல மெல்ல மீட்கப்பட்டேன். அந்தத் தாய்க்கோ அடக்கி வைத்திருந்த மருந்தும் இல்லை. மறைந்து நின்று தாங்கிய மருந்தும் இல்லை. அவருடைய சிறுநீரகங்கள் மீளவில்லை. வாரம் மூன்று முறை குருதிச் சுத்திகரிப்பு. அவ்வாறு ஏழாண்டு வாழ்ந்து 2010-இல் மறைந்தார்.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "நல்லது நினைத்துத்தானே சொன்னீர்கள், டீச்சர்" என்றார். என்னைக் குற்றஞ்சாட்டியிருந்தால் நான் விடை தேடியிருப்பேன். அவர் மன்னித்துவிட்டார். அதனால் அவ்வினா என்னிடமே தங்கிவிட்டது.

காக்கையும் பனம்பழமும்

நான் பொய் சொன்னேனா? இல்லை. என் வலி நீங்கியது உண்மை. பொடி உண்ட பின் நீங்கியது என்பதும் உண்மை. ஆயினும் என் சாட்சியம் தவறானது. எங்கே பிழை?

முடக்குவாதம், லூப்பஸ் போன்ற நோய்கள் நேர்கோட்டில் செல்வன அல்ல. கடலலைபோல் எழும், தாமே தணியும், மீண்டும் எழும். வலி தாங்கக்கூடியதாக இருக்கும்போது எவரும் புதிய மருந்தைத் தேடி ஓடுவதில்லை. அலை உச்சியில் நிற்கும்போதுதான் ஓடுகிறோம். உச்சியில் நின்ற அலை எப்படியும் இறங்கத்தான் செய்யும். இறங்கும் வேளையில் கையில் இருந்தது இலேகியமாயின் இலேகியத்திற்கும், தாயத்தாயின் தாயத்திற்கும், மாத்திரையாயின் மாத்திரைக்கும் புகழ் சேர்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுவே. காக்கை உட்கார்ந்ததும் மெய். பழம் விழுந்ததும் மெய். இவ்விரண்டையும் பிணைத்த எண்ணமே பொய்.

என் பொடியின் கதை இதனினும் ஒரு படி கொடியது. அங்கே பிணைப்பும் மெய்தான். பொடியே வலியைத் தணித்தது. ஆனால் அப்பொருளின் பெயர் பொய். 'மூலிகை' என்று நான் சான்றளித்தது மூலிகைக்கன்று. தன் எதிரியைத் தவறாக அடையாளம் கண்ட என் உடலைப் போலவே, தன் நண்பனைத் தவறாக அடையாளம் கண்டது என் அறிவு.

மலேசியாவில் 1992-ஆம் ஆண்டு முதலே மரபுவழி மருந்துகளையும் பதிவு செய்து வருகின்றனர்; பதிவு எண்ணை உறையின்மீது அச்சிட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த ஜாமுக்களையும் பொடிகளையும் பற்றிச் சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்துள்ளது. என் பொட்டலத்தின்மீது எந்த எண்ணும் இல்லை. விற்றவர் அதனை வேறோரிடத்தில் வாங்கி, உறை மாற்றி விற்றவர் என்பது பின்னர் தெரிந்தது. எழுத்தெண்ணிப் படிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்த நான், அந்த உறையை ஒரு முறையேனும் திருப்பிப் பார்க்கவில்லை.

மருத்துவ அறிவும் சாட்சியில் பிறந்ததே

இவ்விடத்தில் ஒருவர் மறுத்துரைக்கலாம்: 'நோயாளியின் பட்டறிவைத் தள்ளிவிட்டால் மருத்துவம் வளர்ந்திருக்குமா? மேலை மருத்துவம் மட்டும் பிழையே செய்யவில்லையா?' இம்மறுப்பு வலிமையுடையது. அதனை எளிதில் ஒதுக்கலாகாது.

முடக்குவாத மருத்துவத்தின் வரலாறு தடுமாற்றங்கள் நிறைந்தது. பிரெஞ்சு மருத்துவர் ழாக் ஃபொரெஸ்தியே, இந்நோய் காசநோயின் இனம் என்று கருதி, காசநோய்க்குப் பயன்பட்ட தங்க உப்புகளை முடக்குவாதத்திற்கு ஊசிவழிச் செலுத்திப் பார்த்து 1929-இல் பயன் கண்டதாக எழுதினார். அவர் கொண்ட காரணம் தவறு. ஆயினும் நோயாளிகள் பலருக்குப் பயன் இருந்ததைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. தோலையும் சிறுநீரகத்தையும் வருத்தியதால் அம்மருந்து காலப்போக்கில் வழக்கொழிந்தது.

அதே 1929-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பவர், மஞ்சட்காமாலை கண்ட ஒரு நோயாளியின் மூட்டுவலி வியக்கத்தக்க வகையில் தணிந்ததைக் கவனித்தார். கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே தணிவதைக் கண்டார். நோயாளியின் உடல் தந்த சாட்சியே அவருக்கும் தொடக்கம். ஆனால் அவர் அச்சாட்சியோடு நின்றுவிடவில்லை. உடலுக்குள் சுரக்கும் ஏதோவொரு பொருளே இத்தணிவைத் தருகிறது என்று கருதிப் பல்லாண்டு தேடினார். 1948 செப்டம்பரில், நடக்க இயலாது கிடந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணொருத்திக்குக் கார்டிசோன் ஊசி செலுத்தப்பட்டது. சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிட்டியது.

உலகமே அற்புதம் என்று கொண்டாடிய அம்மருந்துதான் ஸ்டீராய்டுகளின் முன்னோடி. என் பொடியில் ஒளிந்திருந்ததும் அதன் கிளையே. மூன்றாம் நாளில் என் விரல்கள் மடங்கியபோது நான் அடைந்த வியப்பை 1948-இல் அம்மருத்துவர்களும் அடைந்திருப்பர். வேறுபாடு அதன் பின்னரே தோன்றுகிறது. அவர்கள் அளவை எழுதி வைத்தனர். நிறுத்தியபோது நோய் மீண்டதையும் எழுதினர். முகம் உருண்டதையும் எழுதினர். பிரிட்டனில் தொடக்கநிலை முடக்குவாத நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்டிசோனும் மற்றதற்கு வெறும் ஆஸ்பிரினும் தந்து ஒப்பிட்டு, இரண்டிற்கும் பெரிய வேற்றுமை இல்லை என்று 1954-இல் வெளியிட்டனர். நோபல் பரிசு பெற்ற மருந்தையும் சோதனைக் கூண்டில் ஏற்றி வினவும் துணிவு அது. நானோ என் பொடியை ஒரு வினாவும் கேட்கவில்லை.

ஆகவே கீழை மருத்துவம், மேலை மருத்துவம் என்னும் எல்லைக்கோடு இங்குப் பொருந்தாது. வினவப்படுவதற்கு இசையும் சாட்சி, இசையாத சாட்சி என்பதே உரிய கோடு. நான் அஞ்சி நிறுத்திய மெத்தோட்ரெக்சேட்டின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. அம்மருந்தும் ஃபோலிக் அமிலமும் உருவான அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். இன்றைய ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அமெரிக்கா செல்லும் முன் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தவர். ஒருவர் நெஞ்சில் இரு மருத்துவ மரபுகளும் இடம்பெற்றன. இரண்டுக்கும் பொதுவான உரைகல் ஒன்றுதான்: கூறியதைச் சரிபார்க்க விடுவாயா?

வாய்மையின் அளவுகோல்

உள்ளத்தோடு பொருந்துவது உண்மை, வாயால் வெளிப்படுவது வாய்மை, மெய்யால் ஒழுகுவது மெய்ம்மை என்று நாம் வகுப்பறையில் பாகுபடுத்திக் கற்பிக்கிறோம். மூன்றும் ஒன்றே என்பது போல மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். மூன்றும் பிரிந்துபோகும் இடமும் உண்டு என்பதை நான் வாழ்க்கையில் கற்றேன். என் சொல் என் உள்ளத்தோடு பொருந்தியிருந்தது. ஆதலின் அது உண்மை. வள்ளுவர் துறவறவியலில் வாய்மைக்கு இலக்கணம் வகுக்கும்போது, சொல் உள்ளத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் கேட்கவில்லை. அச்சொல்லால் எவர்க்கேனும் தீங்கு விளைகிறதா என்றே கேட்கிறார். சிறிதும் தீமை பயவாத சொல்லே அவர்க்கு வாய்மை. இளமையில் இவ்விலக்கணம் எனக்குச் சற்று நெகிழ்ந்ததாகத் தோன்றியதுண்டு. இன்று அதன் கடுமை புலனாகிறது. 'நான் நம்பியதைத்தான் சொன்னேன்' என்னும் விடை அந்த இலக்கணத்தின் முன் செல்லாது. சொல்வதற்கு முன் அதன் விளைவை ஆராயும் கடமையையும் அது நம் தோளில் ஏற்றுகிறது.

அவ்வாறாயின் நோயாளி வாய்மூடி இருப்பதே அறமா? அதுவும் ஆகாது. காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காதிருப்பது வெறும் களைப்பன்று, விரைந்து மருத்துவரைப் பாருங்கள் என்று எனக்கு முதன்முதலில் அறிவுறுத்தியவர் எங்கள் பள்ளியில் துப்புரவு செய்த அக்கா ஒருவர். அவர் தங்கைக்கும் அந்நோய் இருந்தது. அவர் வாய் மூடியிருந்தால் நான் இன்னும் பல மாதம் தைலம் பூசிக்கொண்டிருந்திருப்பேன். மௌனமும் சிலவேளை தீங்கு பயக்கும். ஆகவே பேச வேண்டும்; முழுமையாகப் பேச வேண்டும். என் பிழை பேசியதில் இல்லை; பாதியைப் பேசியதில் இருக்கிறது. பொடியால் வலி நீங்கியதைக் கூறினேன். தோல் மெலிந்து கை பட்ட இடமெல்லாம் கன்றிப்போனதைக் கூறவில்லை. வெற்றியைக் கூறினேன், அதற்கு முன் பயனின்றிக் கழிந்த மருந்துகளையும், அவற்றைப் பற்றியும் முதல் வாரத்தில் நான் இவ்வாறே புகழ்ந்ததையும் கூறவில்லை. எனக்கு முடக்குவாதம், அவருக்கு லூப்பஸ் என்னும் வேறுபாட்டையும் எண்ணவில்லை. தோற்ற கதைகளை யாரும் எடுத்துச் சொல்லுவதில்லை. ஆதலால் ஊரில் எல்லா மருந்தும் வென்றதாகவே தோன்றுகிறது.

உடனிருப்போர்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வள்ளுவர் வகுத்துள்ளார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணை செய்பவர். இந்நான்காமவரை நாம் மருந்தெடுத்துத் தரும் பணியாளராக மட்டும் கருதிக் கடந்துவிடுகிறோம். அண்மைக் காலத்தில்தான் நான் அவரைப் பற்றி மிகுதியாக எண்ணுகிறேன். நோயாளிக்குச் செவி தேவை என்று முன்னர்க் கூறினேன். மருத்துவரின் ஐந்து நிமிடத்தில் அச்செவி கிட்டவில்லை என்றால், அதனை வழங்கக் கடமைப்பட்டவர் யார்? பொடி விற்பவரிடம் அக்கடமையை நாம் விட்டுவிட்டோம்.

2003-ஆம் ஆண்டில் மெத்தோட்ரெக்சேட்டை மீண்டும் உண்ணத் தொடங்கினேன். வாரம் ஒரு முறை. குருதிச் சோதனை தவறாமல். மெத்தென நடக்கும் மருந்து அது. மூன்றாம் நாளில் அற்புதம் காட்டவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு சொக்காய்ப் பொத்தானைப் போட இசைந்தது. என் விரல்கள் சில கோணியே நிற்கின்றன. இழந்த ஆண்டுகளின் வடு அது. நோய் நீங்கிவிடவில்லை, அடங்கியிருக்கிறது. எண்ணெய்த் தேய்ப்பையும் நான் கைவிடவில்லை. அதனை மருத்துவரிடம் மறைப்பதுமில்லை. 2007 முதல் நம் நாட்டின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலேயே மரபுவழி மருத்துவப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. 2016-இல் அதற்கென ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. மறைத்து உண்ண வேண்டிய தேவை முன்னைப்போல் இல்லை.

இன்றும் சிலர் என்னைத் தேடி வருகின்றனர். "எதனால் குணமானது, டீச்சர்?" என்று வினவுகின்றனர். குணமாகவில்லை என்று முதலில் கூறுகிறேன். அந்தச் சொல்லைக் கூறும்போது அவர்கள் முகம் வாடுவதைக் காண்கிறேன். வாட்டத்தைப் பொறுத்துக்கொண்டே எஞ்சியவற்றைக் கூறுகிறேன். உண்டவை இவை, தோற்றவை இவை, மருந்தை நிறுத்தியதால் நேர்ந்தது இது. ஒரு தாயின் கதையையும் கூறுகிறேன். பின்னர், "மருத்துவரைப் பார்க்கும் நாள் எது? நானும் வருகிறேன்" என்கிறேன். காத்திருக்கும் வரிசையில் அவர்களோடு அமர்கிறேன். கேட்க வேண்டிய வினாக்களை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். கோணிய விரலால் எழுதுவதனால் எழுத்துச் சற்றுச் சாய்ந்தே நிற்கும்.

என் உடலின் சாட்சி ஒன்றே, அதுவும் மயங்கக்கூடியது. அதனைப் பிறர்க்கு ஆணையாக வழங்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் உடன் அமர்ந்திருக்கும் உரிமையை எவரும் மறுக்கவில்லை. அறிவுரை வழங்கிவிட்டு அகல்வது எளிது; சொன்ன சொல்லின் விளைவு தெரியும்வரை அருகிலிருப்பது அரிது. அருகிலிருக்க இசையாதவன் சொல்லும் மருந்துரை எத்துணை உண்மையாயினும் வாய்மை ஆகாது.